பொருள் பெற்றபின் பிரிதல்: மராமத்துக் காண்ட்ராக்டரின் மறைவு குறித்து ஓர் ஆய்வு

பாத்ரூம் டைல்ஸை உடைத்துக் குவித்துவிட்டு, அட்வான்ஸை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "திங்கக்கிழமை ஆள் இறக்கிடுறேன் சார்" என்று சொல்லிப் புறப்பட்ட காண்ட்ராக்டர், திங்கட்கிழமை எங்கே இருக்கிறார்? இதுவே இவ்வாய்வின் வினா. அவர் எப்படிப்பட்டவர் என்பது பற்றி வீட்டுக்காரர்களிடையே விரிவான கருத்துரைகள் உண்டு. அவற்றில் அச்சேறக்கூடியவை குறைவு. அவர் எங்கே இருக்கிறார் என்பதை முறைப்படி ஆராய்ந்தார் இலர்.

ஆய்வின் எல்லை சென்னையும் அதன் புறநகரும். புதுக் கட்டடங்கள் விலக்கப்பட்டுள்ளன. அங்கே மறைவது தனி மனிதரல்ல, கம்பெனி. அதற்கென்று 2016-இல் தனிச் சட்டமே வந்துவிட்டது. இங்கே எடுத்துக்கொண்டது மராமத்து மட்டும்: பாத்ரூம் மாற்றுவது, சமையல் மேடையை இடித்துக் கட்டுவது, மொட்டைமாடி ஒழுகலை அடைப்பது, 'அப்படியே ஒரு கோட் பெயின்டும் அடிச்சிடலாம்' என்று வழியில் சேர்ந்துகொள்பவை.

முன்னோர் கருத்தை முதலில் பார்த்துவிடுவது ஆய்வு மரபு. சுமார் 3,750 ஆண்டுகளுக்கு முன் பாபிலோனை ஆண்ட ஹமுராபி, கட்டிய வீடு இடிந்து விழுந்து வீட்டுக்காரர் செத்தால் கட்டியவருக்கும் மரணம் என்று கல்லில் வெட்டி வைத்தார். சுவர் சாய்ந்தால் கட்டியவர் தம் செலவில் நிமிர்த்தித் தர வேண்டும். கடுமையான சட்டம்தான். ஆனால் பாதியில் நிற்கும் பாத்ரூம் யார் தலையிலும் விழுவதில்லை. நமது காண்ட்ராக்டர் பாபிலோனிலும் தப்பியிருப்பார்.

கௌடில்யர் இன்னும் நெருங்கி வருகிறார். அர்த்தசாஸ்திரத்தில் 'கண்டகசோதனம்', அதாவது முள் களைதல் என்று ஓர் அதிகரணம் இருக்கிறது. நாட்டின் முட்களைப் பட்டியலிட உட்கார்ந்தவர், முதல் அத்தியாயத்திலேயே கைவினைஞரைத்தான் எடுத்துக்கொள்கிறார். சொன்ன காலத்தில் வேலையை முடிக்காவிட்டால் கூலியில் கால் பங்கு பிடித்தம். அதற்குமேல் இரு மடங்கு அபராதம். வேறோர் இடத்தில், கூலியை வாங்கிக்கொண்டு வேலை செய்யாதவனுக்கு 12 பணம் தண்டம் விதித்து, வேலை முடியும்வரை ஆளைப் பிடித்து வைத்துக்கொள்ளலாம் என்கிறார். இதைப் படிக்கும் எந்த வீட்டுக்காரருக்கும் கண் கலங்கும். ஆனால் அவரே ஒரு விலக்கும் வைத்துவிட்டார்: நோய், இடர் வந்தால் சலுகை உண்டு. நூற்றாண்டுகளாகக் காணாமல் கிடந்த இந்நூலின் ஓலைச்சுவடி மைசூரில் ஷாமசாஸ்திரியின் கையில் கிடைத்தது 1905-இல். சுவடி காணாமல் கிடந்த காலமெல்லாம் அந்த விலக்கு மட்டும் வாய்மொழியாகப் பிழைத்து வந்திருக்கிறது என்பதற்கு, "ஊர்ல ஒரு சாவு சார், பெரியப்பா" என்ற தொடரே சான்று. ஒரு காண்ட்ராக்டருக்கு எத்தனை பெரியப்பா இருக்க முடியும் என்பதை மானிடவியலார்தான் சொல்ல வேண்டும்.

இனி நம் மரபுக்கு வருவோம். பிரிவைப் பற்றித் தமிழனுக்குப் பிறர் சொல்லித் தர வேண்டியதில்லை. வீட்டுக்காரர்-காண்ட்ராக்டர் உறவை அகத்திணையில் வைத்துப் பார்த்தால் எல்லாம் துலங்குகிறது.

குறிஞ்சி, எஸ்டிமேட் போடும் நாள். அவர் பைக்கில் வந்து இறங்குகிறார். டேப்பைச் சரேலென்று இழுத்துச் சுவரை அளக்கிறார். நாம் எது கேட்டாலும் "பண்ணிடலாம் சார்". பழைய குழாய் இணைப்பைப் பார்த்து நாக்கைச் சப்புக்கொட்டி, "யார் சார் இதைப் பண்ணது?" என்று முன்பு வந்தவரைப் பழிக்கிறார். காபி வருகிறது. நாள்காட்டியிலிருந்து ஒரு தாள் கிழிபடுகிறது. அதன் முதுகில் மூன்று வரிகளும் ஒரு தொகையும் எழுதப்பட்டு, அடிக்கோடு இடப்படுகிறது. உலகில் இத்தனை லட்ச ரூபாயைத் தாங்கும் இவ்வளவு சின்னத் தாள் வேறு இல்லை.

முல்லை, காத்திருத்தல். இதில்தான் காண்ட்ராக்டரின் நுண்ணறிவு வெளிப்படுகிறது. காங்கிரீட் போட்டுவிட்டுக் கிளம்பும்போது "நல்லா தண்ணி ஊத்துங்க சார்" என்கிறார். காங்கிரீட்டுக்கான இந்தியத் தரநிர்ணயம் ஐ.எஸ். 456, சாதா சிமென்டுக்குக் குறைந்தது 7 நாளும், சாம்பல் முதலியன கலந்த சிமென்டுக்குக் குறைந்தது 10 நாளும் ஈரம் காக்கச் சொல்கிறது. இப்போது கடையில் கிடைப்பதில் பெரும்பகுதி கலப்பு சிமென்ட். ஆகவே 10 நாள் வராமலிருக்க அவருக்கு மத்திய அரசின் தர அங்கீகாரமே இருக்கிறது. அந்தப் பத்து நாளும் வீட்டுக்காரர் காலை மாலை வாளியும் குவளையுமாக நின்று, தம் காசில், தம் கையால், அவருடைய வராமையை நனைத்துக்கொண்டிருக்கிறார்.

மருதம், ஊடல். காரணம், பரத்தையிற் பிரிவு. இதுவே இவ்வாய்வின் இருதயம் என்பதால் பிறகு தனியே வருவோம்.

நெய்தல், இரங்கல். "நீங்கள் தொடர்பு கொள்ளும் வாடிக்கையாளர்..." என்று தொடங்கும் பெண் குரல், வாட்ஸ்அப்பில் ஒற்றை டிக், வேறு நம்பரிலிருந்து கூப்பிட்டால் முதல் ரிங்கிலேயே எடுக்கப்படும் போன், குரலைக் கேட்டதும் "ஹலோ, ஹலோ, சிக்னல் இல்ல சார்". இரங்கலின் உச்சம் இரவு பத்து மணிக்கு நேர்கிறது. அவருடைய ஸ்டேட்டஸில் பளபளவென்று முடிந்த ஒரு சமையலறையின் படம் வருகிறது. யாருடைய சமையலறை என்று தெரியாது. டைல்ஸ் மட்டும், கடையில் நாம் அரை நாள் நின்று தேர்ந்தெடுத்த அதே டிசைன்.

பாலை, பிரிவு. இங்கே ஒரு தலைகீழ் மாற்றம் நிகழ்ந்திருப்பதை அறிஞர் கவனிக்க வேண்டும். சங்கத் தலைவன் பொருள் தேடப் பிரிந்தான். நம்மவர் பொருள் கிடைத்ததால் பிரிகிறார். தொல்காப்பியர் கற்பியலில் கெடுவும் வைத்திருக்கிறார்: கல்விக்கான பிரிவு மூன்றாண்டைத் தாண்டக் கூடாது, பொருள்வயிற் பிரிவு ஓராண்டுக்குள் முடிய வேண்டும். நுகர்வோர் சட்டமோ புகார் கொடுக்க இரண்டு ஆண்டு தருகிறது. தொல்காப்பியர் காலத்து வீட்டுக்காரர்களுக்குப் பொறுமை குறைவு என்று இதிலிருந்து முடிவு கட்டலாமா என்பது மேலாய்வுக்குரியது.

கூடலுக்கும் பிரிவுக்கும் நடுவே ஒரு துறை உண்டு; இலக்கணிகள் பெயர் வைக்கத் தவறிவிட்டார்கள். அது இடிப்பு. வேலை தொடங்கும் அன்று மட்டும் ஆட்கள் காலை எட்டு மணிக்கே வந்துவிடுவார்கள், அதுவும் சொன்னதைவிட ஒருவர் கூடுதலாக. சம்மட்டி, உளி, ஒரு டிரில்லிங் மெஷின். மதியத்துக்குள் பாத்ரூம் தரை போய்விடும். இத்தனை வேகம் அதன்பின் எந்நாளும் காணக் கிடைப்பதில்லை. காரணம் எளிது: இடிக்கும்வரை வீட்டுக்காரர் கையில் வீடு இருந்தது, இடித்தபின் அது காண்ட்ராக்டர் கையில் அடகு. பாதி இடித்த பாத்ரூமை வேறு எவரும் எடுத்துச் செய்ய மாட்டார். இரண்டாவதாகக் கூப்பிட்டவர் வந்து, ஒட்டிய நாலு டைல்ஸை விரல் முட்டியால் தட்டி, உள்ளே வெற்றிடமாக டொக் டொக்கென்று ஒலிப்பதை நமக்கும் கேட்க வைத்து, "எல்லாத்தையும் எடுத்துட்டுப் புதுசாத்தான் பண்ணணும் சார்" என்பார். அவருக்கும் அட்வான்ஸ் உண்டு.

களச் சான்றுகளில் மிக முக்கியமானவை விட்டுச் சென்ற பொருள்கள். வீட்டுக்காரர்கள் இவற்றைப் பார்த்து, 'சாமானெல்லாம் இங்கேதானே கிடக்கு, வராம எங்க போயிடுவார்' என்று தேறுதல் கொள்கிறார்கள். சாமான்களைத் தரம் பிரிக்காததால் வரும் பிழை இது. அடி ஓட்டையான பாண்டு, பாதி வெட்டிய நீல டிரம், முறுக்கு அவிழ்ந்த நைலான் கயிறு, வாய் திறந்து கிடந்து ஓரமெல்லாம் கட்டி தட்டிப்போன அரை மூட்டை சிமென்ட் ஆகியவை எச்சங்கள், அடமானம் அல்ல. ரசமட்டம் இருந்தால் ஐயப்பாடு. டைல்ஸ் கட்டிங் மெஷின் இருந்தால் மட்டும் அவர் திரும்புவது உறுதி. ஆனால் அது முதல் வாரமே, "சார், பக்கத்துல ஒரு சின்ன வேலை, மெஷினை மட்டும் குடுத்து விடுங்க" என்று ஒரு பையன் மூலம் போய்விடுகிறது. அந்தப் பையன் வரும் நாளையே பிரிவு தொடங்கிய நாளாகக் கொள்ள வேண்டும் என்பது இவ்வாய்வாளரின் துணிபு.

இப்போது மருதம். அட்வான்ஸுடன் ஓடிப்போனார் என்பது பாமர வழக்கு. ஓடுவதற்கு அவரிடம் பணம் இல்லை. கணக்குப் பார்ப்போம். மூன்று லட்சத்துக்குப் பேசிய வேலை என்று வைத்துக்கொள்வோம். தொடக்கத்தில் ஒரு லட்சம், டைல்ஸ் எடுக்க என்று எண்பதாயிரம், பிளம்பிங் சாமானுக்கு என்று அறுபதாயிரம், ஆக 2,40,000 ரூபாய் போய்விட்டது. நடந்த வேலை இடிப்பும் பைப் லைனும் பாதிப் பூச்சும். தாராளமாக மதிப்பிட்டால் 1,20,000. மீதி வேலைக்கு 1,80,000 செலவாகும். நம்மிடம் மீதி இருப்பதோ 60,000. அவர் நாளை வந்தால் ஒரு லட்சத்து இருபதாயிரம் நஷ்டம். வராவிட்டால் அறுபதாயிரம் வராது, அவ்வளவுதான். இதை அவர் எழுதிப் பார்ப்பதில்லை. ஆனால் நம் வீட்டுத் தெரு வந்ததும் பைக் தானாக வேறு பக்கம் திரும்புகிறது.

அந்த மிச்சப் பணம் எங்கே? சனிக்கிழமை சாயங்காலம் கொத்தனார், பெரியாள், சித்தாள் எல்லாருக்கும் வாரக் கூலி எண்ணித் தர வேண்டும். ஹார்டுவேர் கடையில் பழைய பாக்கி கட்டினால்தான் புது சாமான் இறங்கும். முந்தின வீட்டுக்காரர் ஒருவர் பொறுமை இழந்து மச்சானோடு வந்து நின்றிருப்பார். அவர் வீட்டு வேலையை முடித்தாக வேண்டும். ஆகவே நம் அட்வான்ஸ் இந்நேரம் வேறொருவர் பாத்ரூமில் டைல்ஸாக ஒட்டிக் காய்ந்துவிட்டது. நம் பாத்ரூம், இன்னும் எஸ்டிமேட்டே போடாத மூன்றாமவர் ஒருவரின் அட்வான்ஸுக்காகக் காத்திருக்கிறது. இவர் மறையவில்லை, எந்த வீட்டில் அட்வான்ஸ் புதிதோ அந்த வீட்டில் இருக்கிறார். நாமும் ஒரு காலத்தில் அந்த வீடாக இருந்தோம். அந்த வாரம் அவர் நம் போனை எடுத்தார், யாரோ ஒருவரின் போனை நம் எதிரிலேயே கட் செய்தார்; நாம் அதைப் பார்த்தும் நமக்குக் கொடுத்த மரியாதை என்று எடுத்துக்கொண்டோம்.

சட்டம் பற்றிச் சிறிது. காவல் நிலையத்தில் மனுவை வாங்கி சி.எஸ்.ஆர். ரசீது தருவார்கள்; கூடவே "இது சிவில் மேட்டர் சார்" என்பதும் வரும். அதில் நியாயம் இருக்கிறது. பழைய 420, இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதா 318, மோசடி என்பதற்குத் தொடக்கத்திலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்ததைக் காட்டச் சொல்கிறது. நம்மவரிடம் அது கிடையாது. திங்கட்கிழமை வருவோம் என்று அவர் உளமார நம்பினார். இப்போதும் வரும் திங்கட்கிழமையை நம்புகிறார். நுகர்வோர் வழி மேல். வீட்டுக் கட்டுமானமும் 'சேவை' என்பது 1993-இலேயே சட்டத்தில் ஏறிவிட்டது. 2019 சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்ட ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம், கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. ஆதாரம் கேட்பார்கள். அங்கேதான் நாள்காட்டித் தாள் வெளியே வருகிறது. அதில் கையெழுத்து இல்லை, தேதி மட்டும் அச்சில் இருக்கிறது, கூடவே அன்றைய ராகுகாலமும். ஜிபே ரசீதைக் காட்டலாம் என்றால், அதிலுள்ள பெயர் அவர் மச்சானுடையது.

ஆகவே நடைமுறையில் வீட்டுக்காரர்கள் நாடுவது வாயில்களை. தொல்காப்பியர் தோழி, பாணன், பாங்கன் முதலாகப் பன்னிரு வாயில்களைச் சொன்னார். நமக்கு மூவர். அவரைச் சிபாரிசு செய்த நண்பர்: இவர் நாம் விசாரிக்கத் தொடங்கியதும் தாமும் போனை எடுப்பதில்லை. ஹார்டுவேர் கடைக்காரர்: "எனக்கே பாக்கி சார்." மூன்றாவது, வேலைக்கு வந்துகொண்டிருந்த சித்தாள் அம்மா. உண்மை பேசும் ஒரே வாயில் அவர்தான், ஏனெனில் அவருக்கும் ரெண்டு வாரக் கூலி நிற்கிறது. வீட்டுக்காரரின் நஷ்டம் பேச்சாகவும் புகாராகவும் ஊரெங்கும் உலவுகிறது. அந்தக் கூலி எந்த மனுவிலும் ஏறுவதில்லை. தெருமுனை டீக்கடையில் பார்த்தபோது அவரே சொன்னார்: "மேடவாக்கத்துல ஒரு சைட் ஓடுது சார். மாடி வீடு, பச்சை கேட்டு. அங்க போயிப் பாருங்க. பாத்தா என் காசையும் கேளுங்க."

கருதுகோளைக் களத்தில் சோதிக்க இவ்வாய்வாளர் மேடவாக்கம் போனார். பச்சை கேட். வாசலில் கொட்டிய எம்-சாண்ட், அதன் மேல் நாய் படுத்திருந்த பள்ளம். உள்ளே சம்மட்டிச் சத்தம் இல்லை. காதில் போனை வைத்தபடி திண்ணையில் உட்கார்ந்திருந்த பனியன் போட்ட பெரியவர், கேட்டைத் திறக்கும் ஒலி கேட்டதும் எழுந்து வந்தார்.

"டைல்ஸ் ஆளுதானே? வாங்க வாங்க. காலைலேர்ந்து உங்களுக்காகத்தான் உக்காந்திருக்கேன். மெஷின் எங்க?"