ஐக்கிய யாகம்

செகந்திராபாத்தில் கம்பெனி நடத்தும் புண்ணியவான்கள் தங்கள் சிப்பந்திகளிடையே ஒற்றுமை வளர்க்கத் திருவுளங்கொண்டால், வார விடுமுறை என்று ஒன்று உண்டென்பதை முதலில் மறந்துவிட வேண்டும். ஞாயிறு விடியுமுன் எழுப்பி, ஒரே நிற டி-ஷர்ட்டை மாட்டி, அளவு சரியில்லையென்று முணுமுணுப்போரைத் தனியே குறித்துக்கொண்டு, அந்தாக்ஷரி பாடவைத்து ஷாமீர்பேட்டை ஏரிப்பக்கம் இறக்கிவிட்டால், பாதி ஐக்கியம் பஸ்ஸிலேயே ஸித்தித்துவிடும். மீதிக்கு, கண்ணை மூடி மல்லாந்து விழுகிறவரைச் சகாக்கள் தாங்கும் நம்பிக்கைப் பயிற்சி இருக்கிறது; சம்பள உயர்வு கேட்டபோது தாங்க ஆளில்லாது விழுந்தவருக்கு இது எத்தகைய ஆறுதல்!

இவ்வசதியின்றி இவ்வூரில் உழைத்தவர்கள் பரிதாபத்துக்குரியவர்கள். 1897 ஆகஸ்டில் பேகம்பேட்டையில் ரொனால்டு ராஸ் என்ற ராணுவ டாக்டர், பங்கா வீசினால் கொசு பறந்துவிடுமென அதை நிறுத்திவிட்டு, மைக்ராஸ்கோப்பின் திருகாணிகள் தம் வியர்வையிலேயே துருப்பிடிக்கக் குனிந்திருந்து, கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டார். கயிறிழுக்கும் போட்டியொன்று நடத்தியிருந்தால் 1902-ல் வந்த நோபல் பரிசு முந்தைய வருஷமே வந்திருக்கும். கடிக்கும் கொசுவொன்றுக்கு ஓரணா வீதம் பெற்ற நோயாளி ஒருவரே அவருக்கு வாய்த்த குழு.

நமது விழாவிலோ, பொழுது சாய்ந்ததும் ஏரிக்கரையில் மானேஜரும் பியூனும் பேதமின்றி ஒரே தாளகதியில் தம்மைத் தாமே அறைந்துகொள்வார்கள்; பயிற்றுநர் பகலெல்லாம் கத்தியும் கைகூடாத ஒருமைப்பாடு அக்கணமே கைகூடும். ஓரணாப் படி கேட்க நினைப்போர் மட்டும் அடுத்த ஞாயிறும் வரவேண்டியிருக்கும்.