ஜீப் எஞ்சின் மாற்றியல்: பரபக்கமும் சுபக்கமும்

பாயிரம்

பழைய ஜீப்பில் எஞ்சின் போய்விட்டால் அடுத்து எதை மாட்டுவது? இந்த வினாவுக்கு ஊருக்கு ஊர் விடை உண்டு. பட்டறைக்குப் பட்டறை ஆசாரியர் உண்டு. இருந்தும் இத்துறைக்கு ஆய்விருக்கை நிறுவ எந்தப் பல்கலைக்கழகமும் முன்வரவில்லை. கலைச்சொற்கள் எல்லாம் கிரீஸ் படிந்த கைகளிலேயே தங்கிவிட்டன. அவற்றைத் தொகுத்து முறைப்படுத்துவது இவ்வாய்வின் நோக்கம்.

முறையியலுக்கு முன்னோர் வழி இருக்கிறது. அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் மாற்றார் கொள்கைகளைப் பரபக்கத்தில் ஒவ்வொன்றாக நிறுத்தி மறுத்தார். அதன்பிறகே தம் கொள்கையைச் சுபக்கத்தில் விரித்தார். எஞ்சின் விஷயத்துக்கும் அதுவே ஏற்ற முறை. ஏனெனில் இங்கே யாரும் தன் கட்சியைச் சொல்லித் தொடங்குவதில்லை; அடுத்தவர் வண்டியில் இருப்பது ஏன் தப்பு என்றுதான் தொடங்குகிறார்கள்.

ஆய்வின் எல்லை வருமாறு. ‘ஜீப்’ என்று இங்கே சுட்டப்படுவது மகிந்திரா நிறுவனம் 1949 முதல் பம்பாயில் பூட்டி விற்ற வில்லிஸ் வண்டியும் அதன் நேர் வாரிசுகளும். அவற்றுள் தலையாயது 1953-ல் அமெரிக்காவில் வந்த சி.ஜே. 3பி. அமெரிக்கா அதை 1968-ல் கைவிட்டது. இந்தியா அதன்பிறகும் பல பத்தாண்டுகள் விடவில்லை.

பயன் நோக்கி ஜீப் மூவகைப்படும். சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்குக் கல்லிலும் பள்ளத்திலும் ஏறுவது மலை வண்டி. போடியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் காலையில் இடுக்கியின் ஏலத்தோட்டங்களுக்கு ஆளேற்றிச் செல்வது தோட்ட வண்டி. ஞாயிற்றுக்கிழமை துடைத்து எடுக்கப்பட்டு, நல்ல வெளிச்சமுள்ள ஓரிடம் வரை போய், படமெடுத்துத் திரும்புவது பட வண்டி. எஞ்சின் பற்றிய உரத்த கருத்துகள் பெரும்பாலும் மூன்றாம் வகையினரிடமிருந்தே வருகின்றன என்பதை ஆய்வின் முதல் கண்டுபிடிப்பாகப் பதிவு செய்யலாம்.

பரபக்கம்

*1. மூலவாதம்.* பிறந்தபோது எது இருந்ததோ அதுவே இருக்க வேண்டும் என்பது இவர்கள் கொள்கை. போர்க்கால வில்லிஸில் இருந்தது ‘கோ டெவில்’: 2,199 சி.சி., 60 குதிரைத்திறன், பெட்ரோல். டெல்மர் ரூஸ் என்ற பொறியாளர் வில்லிஸின் பழைய எஞ்சினைச் சீர்ப்படுத்தி உருவாக்கியது. அடுத்து வந்த ‘ஹரிக்கேன்’ எஞ்சினில் காற்று உள்ளே வரும் வால்வை பிளாக்கிலிருந்து எடுத்து ஹெட்டில் ஏற்றினார்கள். புகை போகும் வால்வு பிளாக்கிலேயே இருந்தது. எஞ்சின் உயரமானது, பானட் மூடவில்லை. எஞ்சினைக் குட்டையாக்குவதற்குப் பதிலாகப் பானட்டை உயர்த்தினார்கள். சி.ஜே. 3பி-யின் நெற்றி தூக்கிய முகம் இப்படி வந்ததுதான். பிற்காலத்தில் அந்த நெற்றிக்குள் உயரமான டீசல் எஞ்சின்கள் சுகமாகக் குடியேறின. ஆக, எஞ்சின் மாற்றத்துக்குக் கதவைத் திறந்துவிட்டதே மூலவாதிகள் போற்றும் மூல எஞ்சின்தான்.

மறுப்பு: பெட்ரோல் பங்கில் நிற்கும்போது மூலவாதம் தளர்கிறது. தோட்ட வண்டிக்கும் மலை வண்டிக்கும் இது கட்டுப்படியாகாது. பட வண்டிக்கு மட்டும் இதை மறுக்க இயலவில்லை. அது அவ்வளவு தூரம் ஓடுவதில்லை.

*2. பீஜோவாதம்.* மகிந்திராவே 1980-களில் எம்.எம். 540 வண்டியில் வைத்த பிரெஞ்சுக் குலத்து டீசல் இது. எக்ஸ்.டி.பி. 4.90 என்ற பெயரிலேயே சாதகக் குறிப்பு இருக்கிறது: 4 சிலிண்டர், ஒவ்வொன்றும் 90 மி.மீ. விட்டம். பிஸ்டன் பயணம் 83 மி.மீ. பெருக்கிப் பார்த்தால் 2,112 சி.சி. வரும், 62 குதிரைத்திறன். டீசல் நேரே பிஸ்டன் தலையில் விழாமல் ஹெட்டிலுள்ள சிற்றறையில் பற்றிக்கொள்வதால் சத்தம் அடங்கியிருக்கும். பீஜோவாதிகள் தம் எஞ்சினைப் பற்றிப் பேசும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வதற்கும் இதற்கும் தொடர்புண்டா என்பது தனி ஆய்வுக்குரியது.

மறுப்பு: சிற்றறையில் வெப்பம் சுவர் வழியே கசிந்துபோகும். ஆகவே குளிர்ந்த காலையில் ஹீட்டர் பிளக் சூடாகும்வரை சாவியைப் பிடித்தபடி காத்திருக்க வேண்டும். கொடைக்கானல் மார்கழியில் ஒரு பிளக் போய்விட்டாலும் அந்தக் காத்திருப்பு தவமாகிவிடும். புது வண்டிகளில் இந்த எஞ்சின் வருவதும் நின்றுவிட்டது. உதிரிபாகம் தேடுவோர் காயலான் கடையையே நம்ப வேண்டியிருக்கிறது.

*3. உழவுவாதம்.* டீசலை நேரே பிஸ்டன் தலையில் பீய்ச்சும் டி.ஐ. (டைரக்ட் இன்ஜெக்‌ஷன்) எஞ்சின்காரர்கள் இவர்கள். இந்த எஞ்சினின் கோத்திரம் காரல்ல, டிராக்டர். மகிந்திரா 1963-ல் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டருடன் சேர்ந்து டிராக்டர் தொழிலில் இறங்கியது. அந்தக் குலத்து டீசல்தான் பின்னாளில் ஜீப்புக்குள் வந்தது. மூன்றரை அங்குல விட்டம், நான்கு அங்குலப் பயணம், நான்கு சிலிண்டர்: 154 கன அங்குலம், அதாவது 2,523 சி.சி. பொலேரோ வாங்கியவர்களுக்கு இந்த எண் பழக்கமானது, அதே எஞ்சின்தான். டர்போவுடன் 3,200 சுற்றில் 63 குதிரைத்திறன்.

பீஜோவின் 62-க்கும் இதன் 63-க்கும் என்ன வேறுபாடு என்று கேட்பவர் இத்துறைக்குப் புதியவர். பீஜோ தன் 62-ஐ எட்ட 4,500 சுற்று சுற்ற வேண்டும். அதே திறனைக் குறைந்த சுற்றில் தருவதால் உச்சத் திறன் நிலையில் டி.ஐ.யின் முறுக்கு பீஜோவைப்போல் 1.4 மடங்கு. பட்டறை மொழியில் இதற்கு ‘இழுவை’ என்று பெயர்.

மறுப்பு: நின்றுகொண்டிருக்கும்போது பக்கக் கண்ணாடியில் தெரியும் உருவம் யாருடையது என்று கண்டறிய முடியாத அளவுக்கு நடுங்கும்.

*4. அயல்வாதம்.* உறவு முறை பார்க்காமல் கிடைத்ததை மாட்டுவோர் இவர்கள். அம்பாசடரில் வந்த 1,995 சி.சி. இசுசு டீசலை ஒரு சாரார் போற்றுவர். டெம்போ டிராக்ஸ் வழி வந்த மெர்சிடிஸ் ஓ.எம். 616-ஐ மற்றொரு சாரார் ஏத்துவர். ஜீப்பில் பென்ஸ் எஞ்சின் என்று சொல்லிக்கொள்ளும் உரிமை அத்துடன் இலவசம். அம்பாசடரின் முந்தைய 1,489 சி.சி. டீசலையும் மாட்டிப் பார்த்தவர்கள் உண்டு. ஏற்றத்தில் அவர்களை நடந்து போகிறவர் முந்தியிருப்பார்.

மறுப்பு: எஞ்சின் பழுதில்லை, இனம்தான் சேரவில்லை. காரணம் சுபக்கத்தில் விளங்கும்.

*5. திறன்வாதம்.* குதிரைத்திறன் கூடக் கூட நன்று என்பது கொள்கை. இவர்கள் காட்டும் மேற்கோள் அமெரிக்காவின் சி.ஜே. 5: அதைத் தயாரித்த கைசர் நிறுவனம் 1960-களின் நடுவில் அதில் பியூக்கின் 3.7 லிட்டர் வி6 எஞ்சினை வைத்து 150-க்கு மேல் குதிரைத்திறன் தந்தது. அந்த எஞ்சினின் தயாரிப்பு உரிமையையும் எந்திரங்களையும் பியூக்கின் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸ் கைசருக்கு விற்றது. எண்ணெய் நெருக்கடி வந்ததும் 1974-ல் தானே திரும்ப வாங்கிக்கொண்டது. எஞ்சின் விஷயத்தில் மனம் மாறுவது தனிமனிதப் பலவீனம் மட்டுமல்ல என்பதற்கு இது சான்று.

மறுப்பு: 60 குதிரைக்கு அளவெடுத்த மூன்று கியர் பெட்டியும் அச்சும் டிரம் பிரேக்கும் 150-ஐக் கண்டால் முறையே கத்தும், முறியும், பிடிக்காது.

அளவையியல்

கருத்து வேறுபாட்டைக் கணக்கு தீர்க்கும். சி.ஜே. 3பி-யின் அச்சு விகிதம் 5.38: சக்கரம் ஒரு முறை சுற்ற, டாப் கியரில் எஞ்சின் 5.38 முறை சுற்ற வேண்டும். 6.00-16 டயரின் சுற்றளவு ஏறக்குறைய 2.25 மீட்டர். 80 கி.மீ. வேகத்தில் சக்கரம் நிமிடத்துக்கு 593 முறை சுற்றும், எஞ்சின் 3,190. டி.ஐ. எஞ்சினின் உச்சம் 3,200 என்று மேலே கண்டோம். எனவே, பழைய அச்சில் டி.ஐ. மாட்டியவர் 80-ல் போகும்போது எஞ்சின் தன் எல்லைக் கோட்டில் நின்று அலறுகிறது. பின்னால் வரும் பேருந்து ஒலிப்பானை அழுத்துவது அவருக்குக் கேட்பதே இல்லை. போர்க்கால ஜீப்பின் 4.88 விகிதம் இருந்தால் அதே வேகத்துக்கு 2,890 சுற்று போதும்.

பீஜோ அதே பழைய அச்சில் கணக்குப்படி 110-ஐத் தாண்டலாம். கதவில்லாத வண்டியில் பட்டை ஸ்பிரிங்கின்மேல் அமர்ந்து அந்தக் கணக்கைச் சரிபார்க்க எவரும் விரும்புவதில்லை.

உயரமும் ஓர் அளவை. கடல் மட்டத்திலிருந்து 3,636 மீட்டரில் இருக்கிறது மேற்கு வங்கத்துச் சந்தக்பூ. மானேபஞ்சங்கிலிருந்து அங்கே இன்றும் பழைய லேண்ட் ரோவர்கள் ஏறுகின்றன. பலவற்றின் பானட்டுக்குக் கீழே இருப்பது மகிந்திரா டீசல். அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ 30 விழுக்காடு குறைகிறது. டர்போ இல்லாத எஞ்சினின் திறனும் கிட்டத்தட்ட அதே அளவு போகிறது. 60 குதிரைகளில் 18 பாதி வழியிலேயே இறங்கிக்கொள்கின்றன.

சுபக்கம்

இனிச் சித்தாந்தம். உரிமையாளர் எஞ்சினைத் தேர்ந்தெடுப்பதில்லை. அவருக்காக நால்வர் தேர்ந்தெடுக்கிறார்கள்.

முதலாமவர் பெல் ஹவுசிங். எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடம் இது. போல்ட் துளைகள் ஒத்துவராவிட்டால் லேத்து பட்டறையில் அடாப்டர் பிளேட் கடைய வேண்டும். கிராங்கின் மையமும் கியர்பாக்ஸ் தண்டின் மையமும் மயிரிழை விலகினாலும் கிளட்ச் பிளேட்டும் பேரிங்கும் அதைச் சில மாதங்களில் வெளிப்படுத்திவிடும். அயல்வாதத்தின் வீழ்ச்சி இங்கேதான். எஞ்சினுக்குக் கொடுத்த விலையைவிடப் பிளேட், பிளைவீல், மவுண்டிங், சைலன்சர் குழாய் ஆகியவற்றுக்கு ஆன செலவு கூடிவிடுகிறது. கியர்பாக்ஸோடு சேர்த்து எஞ்சினை வாங்கினால் பாதி வழக்கு தீரும்.

இரண்டாமவர் முன் அச்சு. வில்லிஸ் குலத்தில் டிஃபரன்ஷியல் நடுவில் இல்லை, வலப்பக்கம் ஒதுங்கியிருக்கிறது. முன் சக்கரங்களுக்குப் போகும் தண்டும் அப்பக்கமே ஓடுகிறது. நம் நாட்டில் ஸ்டீயரிங்கும் வலப்பக்கம். ஆகவே ஆயில் சம்ப் எந்தப் பக்கம் பருத்திருக்கிறது என்பது குதிரைத்திறனைவிட முக்கியமான செய்தி. விளம்பரத்தில் அதை யாரும் குறிப்பிடுவதில்லை.

மூன்றாமவர் மெக்கானிக். அவருடைய கைக்குப் பழகிய எஞ்சின் எதுவோ அதுவே உலகத்தில் சிறந்தது என்று அவர் சொல்வார். அது உண்மையும்கூட. தேனியில் பம்பும் நாசிலும் அன்றே கிடைக்கும் சாதாரண எஞ்சின், உதிரிபாகம் கப்பலில் வரவேண்டிய உயர்ந்த எஞ்சினைவிட அதிக நாள் ஓடுகிறது.

நான்காமவர் ஆர்.டி.ஓ. மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-ஆம் பிரிவு, உற்பத்தியாளர் முதலில் குறித்த விவரங்களிலிருந்து பதிவுச் சான்று மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை வலியுறுத்தியது. எஞ்சினை மாற்ற முன்அனுமதி வேண்டும்; ஆர்.சி. புத்தகத்தில் எஞ்சின் எண்ணும் எரிபொருளும் திருந்த வேண்டும். ‘பெட்ரோல்’ என்று எழுதிய புத்தகத்தோடு கரும்புகை விட்டுக்கொண்டு சோதனைச் சாவடிக்குள் நுழைவது, ஆய்வு நெறிகளுக்கும் புறம்பானது.

தடை விடை

தடை: நால்வரே எல்லாம் முடிவு செய்தால் உரிமையாளருக்கு என்ன வேலை?

விடை: பணம் கட்டுவது, வண்ணம் தேர்வது, ஹார்ன் வாங்குவது. இவற்றுள் கடைசி இரண்டில் அவர் தம் சுதந்திரத்தை முழுமையாகப் பயன்படுத்துகிறார் என்பதை எந்த மலைப்பாதையிலும் கேட்டு அறியலாம்.

தடை: எஞ்சின் மாற்றினால் வண்டி முழுமையாகிவிடுமா?

விடை: ஆகாது. டீசலின் எடைக்கு முன் ஸ்பிரிங் தாழும். பட்டை சேர்க்க வேண்டும். போர்க்கால ஜீப்பின் 6 வோல்ட் மின்சாரம் டீசலின் செல்ஃப் மோட்டாரைச் சுழற்றாது. 12-க்கு மாற்ற வேண்டும். ரேடியேட்டர் போதாது. எஞ்சின் என்று தொடங்கியவர், எஞ்சினைத் தவிர மற்ற எல்லாவற்றையும் மாற்றிக்கொண்டிருப்பதே நடைமுறை.

மேலாய்வுக்குரியது

2021 ஜூலையில் மத்திய அரசு பழம்பெரும் வண்டிகளுக்கெனத் தனி விதி கொண்டுவந்தது. 50 வயது கடந்து, மூல வடிவத்திலேயே இருக்கும் வண்டி ‘வி.ஏ.’ எழுத்துடன் தனிப் பதிவெண் பெறலாம். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய். ஆனால் அடிச்சட்டத்தையோ உடலையோ எஞ்சினையோ பெரிதாக மாற்றியிருந்தால் தகுதி போய்விடும். அன்றாட ஓட்டத்துக்கும் வாடகைக்கும் அதை எடுக்கவும் கூடாது. இதனால் துறையில் எதிர்பாராத ஒரு திருப்பம் நேர்ந்துள்ளது: தகப்பனார் காலத்தில் பெட்ரோலைக் கழற்றி டீசல் மாட்டியவர்களின் பிள்ளைகள் இப்போது ஹரிக்கேன் எஞ்சினைத் தேடிக் காயலான் கடைகளில் அலைகிறார்கள். இவ்வியலின் இரண்டாம் தொகுதி, அவர்கள் கழற்றப்போகும் டீசல் எஞ்சின்களை யார் தலையில் கட்டுவது என்பதை ஆராயும்.