அமெரிக்கா படிக்க ஜெர்மனி

அமெரிக்காவைப் பற்றி முதுகலை படிக்க ஜெர்மனிக்குப் போகலாம். ஹைடல்பெர்க் பல்கலைக்கழகத்தில் அதற்கென்றே ஒரு மையம் இருக்கிறது. வரலாறு, இலக்கியம், அரசியல், புவியியல், சமயம் எல்லாவற்றையும் ஒரே பட்டத்துக்குள் அடைத்துத் தருகிறார்கள். துறைகளுக்கு நடுவே சுவர் கிடையாதாம்.

திருவனந்தபுரத்துக்காரர்களுக்கு அரசியல் தாளில் விலக்கு கொடுக்கலாம். 1946இல் திருவிதாங்கூர் திவான் சர் சி.பி. ராமசாமி ஐயர், சட்டசபையால் அசைக்க முடியாத நிர்வாகம் ஒன்றைத் திட்டமிட்டு, அமெரிக்க முறை என்றார். ‘அமெரிக்கன் மாடல் அரபிக் கடலில்’ என்று ஜனங்கள் விடைத்தாளைத் திருத்திவிட்டார்கள். எதிர்த்தவர்களிடம் புன்னப்புரா, வயலாரில் துப்பாக்கி பேசியது. மறு வருஷம் கச்சேரிக்கு வந்த இடத்தில் திவானுக்கு வெட்டு விழுந்தது. பிறகு பதவியை விட்டார்.

மற்ற தாள்களுக்குத் திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெரு போதும். மிளகாய் வற்றல், முந்திரி, நிலக்கடலை, மரச்சீனி நாலும் அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு. 1492இல் கொலம்பஸ் கிளம்பியது நம் நல்லமிளகு வகையறாவைத் தேடி, கிடைத்தது மிளகாய். பக்கத்துப் பக்கத்துச் சாக்கில் இரண்டையும் வைத்து விற்கும் அண்ணாச்சி, துறைகளுக்கு நடுவே சுவர் எழுப்பியதே இல்லை.

அவரிடம் ஹைடல்பெர்க் சமாச்சாரத்தைச் சொன்னேன்.

“அமெரிக்காவப் படிக்க ஜெர்மனி எதுக்குவே? அங்க விசா கிடைக்கலியோ?”

பதிலுக்குக் காத்திருக்கவில்லை. குண்டூர் வற்றல் கிலோ என்ன விலை என்று யாரோ கேட்டார்கள்.