வாரிசு வேலையும் 120 பொற்காசும்: தேர்ந்தெடுக்கப்பட்ட நாயகன் குறித்து ஒரு நிதித்துறை ஆய்வு

உலகைக் காக்கப் பிறந்தவன் ஒருவனே, அவன் வருவான் என்பது முன்பே சொல்லப்பட்டது: மாயாஜால வீடியோ கேம்களின் மூலக்கொள்கை இது. இதைத் தெய்வச் செயல் என்பாரும் உளர். அது பொருந்தாது. கஜானாவில் கை வைக்காமல் போர் நடத்த அரசர்கள் கண்டுபிடித்த ஏற்பாடே முன்னறிவிப்பு என்பது இக்கட்டுரையின் துணிபு.

சான்று, 1986இல் எனிக்ஸ் வெளியிட்ட டிராகன் குவெஸ்ட். நாயகன் எர்ட்ரிக் என்ற பழைய வீரனின் வம்சம். அதாவது, வாரிசு அடிப்படையில் நியமனம். டிராகன் லார்டை ஒழித்து ஒளிக்கோளத்தை மீட்பது பணி. அதற்கு மன்னர் தரும் அட்வான்ஸ் 120 பொற்காசு, ஒரு தீப்பந்தம், ஒரு சாவி. வெளியே கடையில் செப்பு வாள் 180 காசு. மூங்கில் கழி 10. ஆகவே உலக ரட்சகன் கழியோடோ கட்டையோடோதான் கிளம்புகிறான். சாவியாவது மிஞ்சுமே எனின், மிஞ்சாது. மன்னரின் அறைக்கதவே பூட்டிக் கிடக்கிறது. அதைத் திறந்து வெளியே வருவதற்குள் சாவி தீர்ந்துவிடும். ஒரு சாவிக்கு ஒரு கதவுதான்.

அற்றேல், அரண்மனைக் காவலர்களை அனுப்பலாகாதோ எனின், எதிரியின் கோட்டை ஒன்றும் தூரத்தில் இல்லை, தண்ணீருக்கு அக்கரையில் கண்ணுக்கே தெரிகிறது. ஆனால் காவலன் செத்தால் குடும்பத்துக்கு ஏதாவது தர வேண்டிவரும். நாயகன் செத்தாலோ மன்னர் முன்னிலையில் உயிர்த்தெழுகிறான், கையிருப்பில் பாதியைப் பறிகொடுத்து. செத்ததற்குப் பிடித்தம் செய்யும் நிர்வாகம் வேறெங்கும் இருப்பதாகத் தெரியவில்லை.

பிற்கால அரசுகள் இன்னும் தேறிவிட்டன. 2011இல் வந்த ஸ்கைரிமில் நாயகனுக்கு அட்வான்ஸ் கிடையாது. தலையை வெட்டுவதற்குக் கட்டையில் சாய்த்து வைக்கிறார்கள். டிராகன் குறுக்கே வந்ததால் பிழைக்கிறான். டிராகன்களை அடக்கப் பிறந்தவன் அவனே என்ற சேதி பிறகுதான் வருகிறது. பேட்டா இல்லாத குறையை அவன் பொதுமக்களிடம் தீர்த்துக்கொள்கிறான்: கடைக்காரர் தலையில் ஒரு கூடையைக் கவிழ்த்துவிட்டால், அவர் எதிரிலேயே கடையைச் சுருட்டலாம். உலகமே அழியப்போகிற அவசரம். ஆனால் அவன் ஊர் ஊராகக் களவாடித் திரிந்தாலும் ஒருவரும் கெடு வைப்பதில்லை.

டிராகன் குவெஸ்டில் நியாயமான சம்பளம் பேசியவர் ஒருவர்தான். கடைசிச் சண்டைக்கு முன் டிராகன் லார்ட், என் பக்கம் வந்தால் பாதி உலகம் உனக்கு என்கிறார். சரி என்று சொன்னால் ஆட்டம் அங்கேயே நின்றுவிடும். போட்டிக் கம்பெனிக்குத் தாவுகிறவனைத் தடுக்க முதலாளிகள் தமக்குள் செய்துகொண்ட ரகசிய ஒப்பந்தம் இது என்க.