ஆய்வுக்கு ஒரு இன்ஜின், ஊருக்கு ஒரு இன்ஜின்

கே: டீசல் புகை சோதனையை ஏமாற்ற ஃபோக்ஸ்வேகனுக்கு மட்டும் எப்படித்தான் மூளை வேலை செய்ததோ?
(வாசகர், கிழக்குத் தாம்பரம்)

ப: மட்டுமா? கல்யாண டிரிப் அடித்த நம்ம டவேராவை மறந்துவிட்டீர்களே! 2015-இல் ஃபோக்ஸ்வேகன் மாட்டியது மென்பொருள் தில்லுமுல்லில். டவேராவைத் தயாரித்த ஜெனரல் மோட்டார்ஸ் இந்தியா 2013-லேயே ஸ்பேனர் தில்லுமுல்லில் மாட்டிவிட்டது. புகை குறைந்த இன்ஜினாகப் பொறுக்கி ஆய்வு வண்டியில் பொருத்தினார்கள். பெண் வீட்டாருக்குத் தம்பியைக் காட்டிவிட்டு மணமேடையில் அண்ணனை ஏற்றிய கதை! திரும்ப அழைக்கப்பட்டவை சுமார் 1.14 லட்சம் வண்டிகள்.

ஃபோக்ஸ்வேகனுக்கு 2019-இல் பசுமைத் தீர்ப்பாயம் விதித்த அபராதம் 500 கோடி ரூபாய். கெடுபிடி வசூலுக்கு உச்ச நீதிமன்றத்தில் தடை கிடைத்தது. ஜி.எஸ்.டி. ரோட்டுப் புகைக்குத் தடை வாங்க நாம் எந்தக் கோர்ட்டுக்குப் போவது?