வீட்டை இடித்துப் பார்

ஈஸ்ட் ஹாம், லண்டன்

அன்புள்ள நண்பனுக்கு,

அங்கு நீயும் ஆச்சியும் உன் சின்னத்தை அவர்களும் சௌக்கியமாக இருப்பதை உன் கடிதத்தால் அறிந்து மகிழ்ந்தேன். பெரியவளுக்குக் கோயம்புத்தூரில் வரன் திகைந்த செய்தியையும், கல்யாணத்துக்குள் காரைக்குடிப் பெரிய வீட்டைப் பழுது பார்த்துவிடுவதென்று பங்காளிகள் எல்லோரும் ஏகமனதாகத் தீர்மானித்திருக்கும் செய்தியையும் ஒரே பக்கத்தில் எழுதியிருந்தாய். முதல் செய்தியில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. பெண் கெட்டிக்காரி, சம்பந்தம் தேடி வருவது இயல்பு. பங்காளிகள் ஏகமனதானார்கள் என்ற இரண்டாவது செய்தியைத்தான், எங்கேனும் எழுத்துப்பிழை நேர்ந்திருக்குமோ என்ற சந்தேகத்தால், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் வாசித்தேன்.

என் பக்கத்து விருத்தாந்தம் கேள். மருமகளுக்கு வருகிற தை மாதம் பிரசவம். பையனும் அவளும் தனி ஜாகையில் இருந்தவர்கள், லண்டன் வாடகையையும் வரப்போகிற செலவையும் கூட்டிப் பார்த்துவிட்டு, மூட்டை முடிச்சுகளோடு எங்களிடமே வந்து சேர்வதென்று முடிவு செய்துவிட்டார்கள். கூட்டுக் குடும்பம் என்ற நம் புராதன ஸ்தாபனம் அழிந்துவிட்டதென்று அங்கே பிரசங்கம் செய்பவர்கள் இந்த நகரத்து வாடகை விகிதத்தை ஒரு தடவை பார்த்தால் தங்கள் அபிப்பிராயத்தை மாற்றிக்கொள்வார்கள். வீடோ முதல் உலக யுத்தத்துக்கு முன்பு, தெரு நெடுகிலும் தோளோடு தோள் ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகளில் ஒன்று. இரு பக்கத்துச் சுவர்களும் அண்டை வீட்டாருக்கும் எனக்கும் பொது. ஆகவே, கூரைக்கு அடியில் பழம் பெட்டிகளும் சிலந்திகளும் வாசம் செய்துவந்த இடத்தை ஒரு படுக்கையறையாக்குவதென்றும், சமையலறையைப் பின்புறத் தோட்டத்துப் பக்கம் சற்று நீட்டிக் கட்டுவதென்றும் சங்கல்பம் செய்துகொண்டோம்.

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார் என்று நம் பெரியவர்கள் சொல்லிவைத்தார்களே தவிர, குடியிருக்கும் வீட்டை இடித்துப் பார் என்று சொல்லாமல் விட்டதற்குக் காரணம், அவர்களில் ஒருவரும் லண்டனில் குடியிருந்ததில்லை என்பதேயாகும். இங்கே கூரைக்கு அடியில் 40 கன மீட்டருக்கு மேற்படாமல் இடத்தைப் பெருக்குவதற்கு, வரிசை வீட்டுக்காரன் பொதுவாகத் திட்ட அனுமதி கேட்க வேண்டியதில்லை. சர்க்கார் அவ்வளவு தாராளம். ஆனால் பொதுச்சுவரில் ஓர் உத்தரத்தைச் செருக வேண்டுமென்றால், 1996-ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்று இருக்கிறது. அதன்படி இரண்டு மாதம் முன்பாகவே பக்கத்து வீட்டாருக்கு எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும். அவர் 14 நாளைக்குள் சம்மதித்துப் பதில் எழுதாமல் மௌனமாக இருந்துவிட்டாலோ, தகராறு உண்டாகிவிட்டதாகவே சட்டம் பாவித்துக்கொண்டு மத்தியஸ்தத்துக்குச் சர்வேயர்களை வரவழைக்கிறது. நம் ஊரில் மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி. இந்த ராஜ்யத்தில் அது வியாஜ்யத்துக்கு அறிகுறி.

எனக்கு அந்தச் சங்கடம் நேரவில்லை. பக்கத்து வீட்டில் இருப்பவர் தொண்ணூறு வயதை எட்டிய ஆங்கிலேய மூதாட்டி. இதே தெருவில் பிறந்து, இதே தெருவில் வாழ்க்கைப்பட்டு, என் மனையாளின் ரசத்தைச் சளிக்கு மருந்தென்று பல வருஷமாக வாங்கிக் குடித்துவருபவர். அறிவிப்பைப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, "சுவர் இடிந்தால் என்ன, ஹிட்லர் இதைவிடப் பெரிதாக முயன்று பார்த்தான்" என்று ஆசீர்வாதம் செய்தார்.

வேலை எடுத்தவர் ஒரு போலந்துக்காரர். அவர் முதல் தினம் வீட்டுக்குள் பிரவேசித்ததும் சுவரை ஒரு தட்டுத் தட்டி, தலையை மெல்ல ஆட்டி, ஆழ்ந்த துக்கத்தோடு, "இதை உங்களுக்கு யார் செய்து கொடுத்தது?" என்று கேட்டார். உங்கள் முகப்புத் தூணைப் பார்த்து உங்கள் தேவகோட்டை மேஸ்திரி கேட்டதாக நீ எழுதியிருக்கும் கேள்வி அக்ஷரம் பிசகாமல் இதுதான். வார்சாவுக்கும் தேவகோட்டைக்கும் நடுவே சமுத்திரங்கள் கிடந்தாலும், முன்னால் வேலை செய்தவனைப் பற்றிக் கொத்தனார்கள் கொண்டிருக்கும் அபிப்பிராயம் உலகம் முழுவதும் ஒன்றே. சமையலறையை இடித்த பிறகு, என் மனையாள் படுக்கையறையில் மின்னடுப்பை வைத்துக் கொண்டு ராஜ்யபாரம் செய்கிறாள். அங்கே கடுகு தாளித்தால் நடையில் மாட்டியிருக்கும் புகை எச்சரிக்கைக் கருவி அலறுகிறது. அது அலறினால் கூரையின் மேலிருக்கும் வேலைக்காரர்கள் சாப்பாட்டு வேளை வந்துவிட்டதென்று கீழே இறங்கி விடுகிறார்கள்.

இனி, நான் எழுத வந்த முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். சமையலறைக்குக் கடைக்கால் தோண்டும்போது, முழங்கால் ஆழத்தில் கடப்பாரை ணங்கென்று எதன்மேலோ மோதியது. வேலை அந்த க்ஷணமே நின்றது. ஏனென்றால் 2018 பிப்ரவரியில், எங்களுக்குச் சற்றுத் தெற்கேயுள்ள ஐந்தாம் ஜார்ஜ் கப்பல்துறையில் யுத்த காலத்து வெடிகுண்டு ஒன்று, 500 கிலோ எடையுள்ளது, வெடிக்காமல் அகப்பட்டு, அதனால் லண்டன் சிட்டி விமான நிலையத்தையே மூட வேண்டியதாயிற்று என்பது இந்தப் பேட்டையில் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது. நல்ல வேளையாக, மண்ணை ஒதுக்கியபோது தென்பட்டது குண்டல்ல. அலை அலையாக மடித்த ஓர் இரும்புத் தகடு. அதன் ஒரு முனை வளைந்திருந்தது. வளைவின் உச்சியில் துருவேறி மண்ணோடு மண்ணாகிவிட்ட திருகாணிகள், தலைகள் மட்டும் கொஞ்சம் உருவம் மாறாமல், வரிசையாக இருந்தன. வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்த மூதாட்டி, "அட, அது எங்கள் ஆண்டர்சன் அல்லவா! அந்தக் காலத்தில் என் தாயாரும் உங்கள் வீட்டில் இருந்தவர்களும் இரண்டு தோட்டத்துக்கும் சேர்த்துப் போட்டது" என்றார்.

ஆண்டர்சன் என்பது ஒரு பதுங்குமிடம். ஆறு வளைந்த தகடுகளை உச்சியில் முடுக்கி, முன்னும் பின்னும் நேர்த் தகடுகளால் அடைத்து, நான்கு அடி ஆழத்துக்கு மண்ணில் இறக்கி, மேலே பதினைந்து அங்குலம் மண்ணைக் கொட்டிவிட்டால், ஆறரை அடி நீளமும் நாலரை அடி அகலமும் உள்ள அந்தப் பொந்துக்குள் ஆறு ஜீவன்கள் இரவைக் கழிக்கலாம் என்பது சர்க்காரின் கணக்கு. வருஷ வருமானம் 250 பவுனுக்குக் குறைந்தவர்களுக்கு இலவசம். மற்றவர்களுக்கு 7 பவுன். 1939 பிப்ரவரியில் லண்டனில் முதலாவது எழும்பிற்று; யுத்தம் மூள்வதற்குள் சுமார் 15 லட்சம் வினியோகமாகிவிட்டன. இதற்குப் பெயர் கொடுத்த சர் ஜான் ஆண்டர்சன் யாரென்று நினைக்கிறாய்? 1932 முதல் 1937 வரை வங்காளத்தின் கவர்னராக இருந்து, நம் வாலிபர்களை விசாரணையின்றிக் காவலில் வைத்த அதே மகானுபாவர்தான். 1934-இல் டார்ஜிலிங்கை அடுத்த லெபாங் குதிரைப் பந்தயத் திடலில் அவரைச் சுட்ட குண்டுகள் தவறிப்போயின. அதனால் பிழைத்து ஊர் திரும்பியவர், மந்திரியாகி, லண்டன் ஏழைகளைக் குண்டிலிருந்து காக்கும் பொறுப்பை ஏற்றார். குண்டுக்குத் தப்புவதில் அவரைவிட அனுபவஸ்தர் அந்த மந்திரிசபையில் வேறொருவர் இருந்திருக்க முடியாது.

அன்று மத்தியானம் வேலை நடக்கவில்லை. மூதாட்டி, போலந்துக்காரர், நான் ஆகிய மூவரும் தேநீரோடு உட்கார்ந்துவிட்டோம். மூதாட்டிக்கு அப்போது ஐந்து வயது. யுத்தம் தொடங்கியபோது பள்ளிக்கூடத்தோடு கிராமத்துக்கு அனுப்பப்பட்டு, குண்டு ஒன்றும் விழக்காணோமென்று கிறிஸ்துமஸுக்கே திருப்பி அழைத்து வரப்பட்ட ஏராளமான குழந்தைகளில் அவரும் ஒருவர். 1940 செப்டம்பர் 7-ஆம் தேதி சனிக்கிழமை பிற்பகல் கப்பல்துறைகள் பற்றி எரிந்தன; துறையில் மூட்டை தூக்கும் அவருடைய தகப்பனார் மறுநாள் காலையில் திரும்பி வந்தபோது, உடுப்பெல்லாம் எரிந்த சர்க்கரையின் வாடை அடித்ததாம். அன்று முதல் 57 இரவுகள் ஓயாமல் லண்டன்மேல் குண்டு விழுந்தது. ஆண்டர்சனுக்குள் குண்டைவிடத் தண்ணீர்தான் பெரிய சத்துரு. மழை பெய்தால் கணுக்கால் மட்டும் நிற்கும். பொழுது விடிந்ததும் தாயார் செய்யும் முதல் காரியம் வாளியால் அதை இறைத்துக் கொட்டுவது. இரண்டாவது காரியம், அதன் தலைமேல் போட்டிருந்த மண்ணில் விளைந்த பூசணிக்கு அதே தண்ணீரை ஊற்றுவது. "குண்டு விழுந்த சத்தம் எனக்கு மறந்துபோய்விட்டது, அம்மா கொண்டை ஊசி போட்டுத் தலைமயிரைச் சுருட்டிக்கொண்டே பிரார்த்தனை சொன்னது மறக்கவில்லை" என்றார் மூதாட்டி. தேயிலை அப்போது தலைக்கு வாரத்துக்கு 2 அவுன்ஸ். ரேஷன் முழுவதும் ஒழிந்தது 1954 ஜூலையில்தான். தேநீர் இல்லாமல் கையை அசைக்காத என் வேலைக்காரர்கள் அந்தக் காலத்தில் பிறந்திருந்தால் லண்டனில் ஒரு செங்கல்கூட மறுபடி எழும்பியிராது.

போலந்துக்காரர் தம் பாட்டனார் இத்தாலியில் மான்டி காசினோ மலைமேல் போரிட்டவர் என்று சொன்னார். 1944 மே மாதம் 18-ஆம் தேதி அந்த மலையுச்சியிலிருந்த மடத்தைப் பிடித்தது போலந்துப் படை. அதற்கு முந்திய மாதங்களில் அதே மலைச் சரிவில் முட்டிமோதி ரத்தம் சிந்தியது நம் நாலாவது இந்திய டிவிஷன். இதை நான் சொன்னதும் அந்த மனிதர் எழுந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். கூலியில் மட்டும் ஒரு பென்னியும் குறைக்கவில்லை.

பிறகு என் முறை வந்தது. உன் பாட்டனாராகிய ஐயாவையும் என் பாட்டனாரையும் பற்றிச் சொன்னேன். ரங்கூன் முகல் தெருவில் ஒரு லேவாதேவிக் கடையில் உன் ஐயா மேலாளாகவும் என் பாட்டனார் அதே கடையில் சமையலாளாகவும் இருந்ததையும், 1941 டிசம்பர் 23-ஆம் தேதி ஜப்பான் விமானங்கள் வந்தபோது ஜனங்கள் தெருவில் நின்று வேடிக்கை பார்த்துச் செத்ததையும், ரங்கூன் விழுவதற்கு முன்னே இருவரும் புரோம் வரையில் போய், அங்கிருந்து அரக்கான் மலைகளைக் கால்நடையாகத் தாண்டித் தவுங்குப் கடற்கரைக்கு வந்ததையும், வழியில் வாந்திபேதியில் விழுந்தவர்களை விட்டுவிட்டு நடக்க நேர்ந்ததையும் கேட்டு இருவரும் மௌனமானார்கள். உன் ஐயா தலையில் சுமந்துவந்தது கடைப் பேரேட்டை. என் பாட்டனார் சுமந்துவந்தது அரிசி மூட்டையையும் ஓர் இரும்பு வாணலியையும். கீழ்ப் பர்மாவின் பிரதான நெல் ஜில்லாக்களில் நாலில் ஒரு பங்கு நிலம் அப்போது கடனுக்கு ஈடாகச் செட்டியார்கள் கைக்கு வந்திருந்தது. பேரேட்டில் எழுதியிருந்த பாக்கிகளுக்கு அவ்வளவு மதிப்பு. ஆனால் சுதந்திர பர்மா நிலங்களைத் தேசிய உடைமையாக்கியபின் அந்தப் பேரேட்டால் காலணாவும் தேறவில்லை; வாணலியில் எங்கள் வீட்டில் என் தாயார் காலம் வரையில் அப்பளம் பொரித்தார்கள். "ஆகவே யுத்தத்தில் ஜெயித்தது சமையற்காரர்" என்று மூதாட்டி தீர்ப்புச் சொன்னார்.

இப்போது உன் வீட்டுக்கு வருகிறேன். வளவில் பதித்திருக்கும் ஆத்தங்குடிக் கற்களின்மேல் வழுவழுப்பான புது டைல் ஒட்டிவிடலாமென்று மேஸ்திரி சொல்வதாகவும், இரண்டாங்கட்டிலுள்ள பர்மாத் தேக்குத் தூண்களில் நாலைந்தை முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் வியாபாரி நல்ல விலைக்குக் கேட்பதாகவும் எழுதியிருக்கிறாய். கண்ணாடிப் பலகைமேல் அச்சு வைத்து, ஒவ்வொரு நிறமாகச் சிமெண்டைக் கையால் ஊற்றி, தண்ணீரில் ஊறப்போட்டு, வெயிலில் உலர்த்தி எடுத்த அந்தக் கல், நடக்க நடக்கத்தான் மெருகேறும் சரக்கு. அதன்மேல் இன்னொன்றை ஒட்டுவது மாப்பிள்ளைக்கு முகமூடி போட்டு மணையில் உட்கார வைப்பதற்குச் சமானம். அப்படியே இருக்கட்டும். தூண் விஷயம் இன்னும் சுலபம். அந்த மரம் வந்த தேசத்திலிருந்து உன் ஐயா நடந்தே திரும்பினார் என்பதை வியாபாரிக்குச் சொல்லிவிட்டு, விலையையும் அதற்கேற்றபடி சொல்; அவரே எழுந்து போய்விடுவார்.

இவற்றைவிட அவசரமான காரியம் ஒன்று இருக்கிறது. வீடு சீராக இருக்கும் காலத்தில் யாரும் பழைய கதை கேட்பதில்லை. சுவரை உடைத்து, அலமாரியை நகர்த்தி, உட்கார இடமில்லாமல் எல்லோரும் திண்ணைக்கு வந்து சேரும்போதுதான் பெரியவர்களுக்கு வாய் திறக்கிறது. சொன்ன தேதியில் வராத கொத்தனார்களாலேயே குடும்ப சரித்திரம் பிழைத்திருக்கிறது என்பது என்னுடைய முடிவான அபிப்பிராயம். உன் மேஸ்திரியும் நிச்சயமாகத் தாமதிப்பார். அந்த நாட்களில் அவரோடு மல்லுக்கு நிற்காமல், ஒரு நோட்டுப் புஸ்தகத்தை எடுத்துக்கொண்டு உன் சின்னத்தை அவர்கள் பக்கத்தில் உட்கார். ரங்கூனிலிருந்து கடிதம் நின்றுபோன அந்த மாதங்களில் உன் அப்பத்தா வீட்டை எப்படி நடத்தினார்கள், தாடியும் கந்தலுமாக முகப்பில் வந்து நின்ற ஐயாவை முதலில் அடையாளம் கண்டது யார், 1942 ஏப்ரலில் குண்டுக்குப் பயந்து சென்னையைக் காலி செய்தவர்கள் உங்கள் வளவில் எத்தனை குடும்பம் தங்கினார்கள் என்பதெல்லாம் தெரிந்தவர்கள் இன்று அவர்கள் ஒருவர்தான். ஒவ்வொன்றாகக் கேட்டு, அவர்கள் சொன்ன பாஷையிலேயே எழுதி எனக்கு அனுப்பு. டைல் அடுத்த வருஷமும் கடையில் கிடைக்கும். சின்னத்தை அவர்களுக்கு வயது தொண்ணூற்றிரண்டு.

இப்படிக்கு,
உன் பிரிய சிநேகிதன்