அம்பாசிடர் பேட்டரியின் மண்ணடுக்குகள்

பழைய கார்களைப் புதுப்பிக்கும் கலையில் பெயின்ட்டுக்கும் குரோமுக்கும் கிடைத்த மரியாதை பேட்டரி முனைக்கு இதுவரை கிடைக்கவில்லை. பம்பரின் பளபளப்பைப் பற்றி மணிக்கணக்காக வாதாடும் ரசிகர்கள், பானட்டைத் தூக்கியதும் பேட்டரி இருக்கும் மூலையை மட்டும் பார்க்காதவர்போல் கடந்துவிடுகிறார்கள். அந்த மூலையில்தான் காரின் முழு வரலாறும் ஒரே போல்ட்டில் மாட்டித் தொங்குகிறது என்பது இக்கட்டுரையின் துணிபு.

ஆய்வுப் பொருள் ஓர் அம்பாசிடர். மோரிஸ் ஆக்ஸ்போர்டின் மூன்றாம் வரிசையைப் பின்பற்றி இந்துஸ்தான் மோட்டார்ஸ் மேற்கு வங்கத்து உத்தர்பாராவில் செய்ததும், 2014 மே மாதம் உற்பத்தி நிற்கும்வரை முகம் பெரிதாக மாறாததுமான அதே வண்டி. ஆய்வுக்களம் அனுமந்தன்பட்டியில், உத்தமபாளையத்திலிருந்து கம்பம் போகும் சாலையோரத் தகரக் கொட்டகை. களத்தைச் சும்மா தேர்ந்தெடுக்கவில்லை. குமுளி மலை ஏறும் வண்டி, ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப், கார்த்திகை பிறந்தால் சபரிமலைக்குப் போகும் சாமிமார் வண்டி என எல்லாம் இந்த வழியாகத்தான் போயாக வேண்டும். போகிற ஒவ்வொன்றுக்கும் கூடுதலாக ஒரு விளக்கோ ஒரு சத்தமோ தேவைப்பட்டிருக்கிறது. தேவைப்பட்டதெல்லாம் பேட்டரியிலிருந்து நேராக இழுக்கப்பட்டிருக்கிறது.

முறையியலில் புதுமை எதுவும் இல்லை. கீழடியில் மண்ணை அடுக்கடுக்காக நீக்கிக் காலம் கணித்தார்கள் அல்லவா, அதுவே இங்கும். அங்கே தூரிகை, இங்கே கட்டிங் பிளேயரும் டெஸ்ட் லேம்பும்.

மேலடுக்கு நம் காலத்தது. செல்போன் சார்ஜருக்குப் போகும் நூல்போன்ற சிவப்பு-கறுப்பு இரட்டை ஒயர். அடுத்தது ரிமோட் லாக் காலம். லாக்கும் போய், ரிமோட்டும் போய், சைரனுக்கு வந்த ஒயர் மட்டும் நுனியில் இன்சுலேஷன் டேப் சுற்றி ஓய்வில் இருக்கிறது. அதற்கும் கீழே கேசட் காலம். டெக்குக்கு ஒன்று, ஆம்ப்ளிஃபயருக்கு ஒன்று எனத் தடித்த ஒயர்கள். வண்டியை விற்றவர் டெக்கைக் கழற்றிக்கொண்டு, ஒயரைப் பெருந்தன்மையோடு விட்டுப் போயிருக்கிறார்.

இந்த இடத்தில் டெர்மினலை உற்றுப் பார்க்க வேண்டும். ஈயக் கிளாம்பின் ஓரத்தில் பல் பதிந்த தடம் இருக்கிறது. மைக் செட்டுக்காரர் குரோக்கடைல் கிளிப்பைக் கடிக்கவிட்ட தழும்பு அது. எந்தக் கட்சி, எந்தத் தேர்தல் என்று ஈயம் சொல்லாது.

அடுத்து, டேஷ்போர்டு ஐயப்பன் படத்தைச் சுற்றிய சீரியல் பல்புக்கான ஒயர். பல்பு எரிவதில்லை, படமும் இல்லை. ஆனாலும் அதை வெட்டலாமா என்பது மின்னியலுக்கு அப்பாற்பட்ட வினாவாகையால், தீர்ப்பைக் குருசாமிக்கு ஒத்திவைக்கிறேன். அதன் கீழே, லோயர் கேம்ப்பைத் தாண்டினால் இறங்கும் மூடுபனிக்காகப் போட்ட மஞ்சள் விளக்கின் ஒயர். அனைத்துக்கும் அடியில், கம்பெனி ஒயரிங்.

இந்த அடித்தளத்தில் ஓர் இலக்கணம் இருக்கிறது. பிரிட்டனின் லூக்காஸ் வகுத்த நிறமரபு அது: பழுப்பு என்றால் பேட்டரியிலிருந்து நேராக வரும் லைன், வெள்ளை என்றால் சாவி திருப்பினால் வருவது, பச்சை என்றால் சாவியும் ஃபியூஸும் தாண்டி வருவது, நீலம் ஹெட்லைட்டுக்கு, சிவப்பு சின்ன விளக்குகளுக்கு, கறுப்பு எர்த். அதே லூக்காஸும் மதுரையின் டி.வி.எஸ். குழுமமும் சேர்ந்து 1961இல் லூக்காஸ்-டிவிஎஸ் நிறுவனத்தைத் தொடங்கி, சென்னை பாடியில் தொழிற்சாலை வைத்ததால், நம் ஊருக்கு இந்த இலக்கணம் அந்நியம் என்று சொல்லிவிட முடியாது. மேலடுக்குகளிலோ ஒரே விதிதான் செல்லும்: அன்றைக்குக் கடையில் எந்த நிறம் இருந்ததோ அந்த நிறம்.

களத்தில் கிடைத்த இன்னொரு தொல்பொருளைக் குறிப்பிடாமல் விட முடியாது. பேட்டரியை அசையாமல் பிடிக்க வேண்டிய கிளாம்ப் காணவில்லை. அதன் இடத்தில் திராட்சைப் பந்தல் கம்பி இரண்டு சுற்று சுற்றி முறுக்கப்பட்டிருந்தது. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தக் கொடியைத் தாங்குகிற கம்பிக்கு இன்னும் கிடைக்கவில்லை. உறையில்லாத இரும்புக் கம்பி ப்ளஸ் முனைக்கு இரண்டு விரற்கடை தூரத்தில் இருந்தும் வண்டி எரியாமல் ஓடியதற்குக் காரணம், அனுமந்தன்பட்டி என்று பெயர் கொடுத்தவரின் கருணையாக இருக்கலாம்.

இத்தனை அடுக்குகள் ஏன் சேர்ந்தன? ஒவ்வொரு எலக்ட்ரீசியனும் சோம்பேறி என்போர் உளர். அது அவதூறு. ஒயர் ஒன்றைச் சேர்ப்பவனுக்குக் கூலி உண்டு. தேவையற்ற ஒயரை எடுப்பவனுக்குக் கூலி இல்லை, பழி உண்டு. இன்று நீங்கள் ஓர் உயிரற்ற ஒயரை வெட்டி, அடுத்த வாரம் வைப்பர் நின்றால், அந்த வைப்பர் பத்து வருடமாகத் தேய்ந்துவந்தது யாருக்கும் நினைவிருக்காது. ஆகவே அறிவுள்ள எவரும் வெட்டுவதில்லை. இதனைச் சேர்க்கை விதி என்க.

இனி மரபுச் சண்டை. பேட்டரியைக் கழற்றும்போது எந்த முனையை முதலில் கழற்றுவது? மைனஸை என்பார் இக்காலத்தார். பழைய பிரிட்டிஷ் வம்சக் கார்களில் ப்ளஸ்தான் பாடியோடு சேர்ந்திருக்கும். 1960களில்தான் அந்த மரபு மாறியது. எனவே மைனஸ் என்பது வெறும் உரை. எர்த் என்பதே சூத்திரம். எர்த்தை முதலில் கழற்று, கடைசியில் மாட்டு. ஏனெனில் மற்ற முனையைத் திருகும்போது ஸ்பேனர் பாடியில் பட்டால் பேட்டரியின் முழுக் கோபமும் ஸ்பேனர் வழியே பாயும். எர்த் ஏற்கெனவே கழன்றிருந்தால் ஒன்றும் ஆகாது. மின்சாரம் ப்ளஸ்ஸிலிருந்து மைனஸுக்குப் போவதாக பிராங்க்ளின் காலத்திலேயே கொண்டுவிட்டார்கள். 1897இல் தாம்சன் கண்டறிந்த எலக்ட்ரான் எதிர்த்திசையில் போகிறது. இரு மரபாரும் தத்தம் கட்சிக்கு ஒரு வெள்ளைக்காரரைச் சாட்சி வைத்துக்கொள்ளலாம்.

முனை மாறிவிடாதிருக்க, ப்ளஸ் தண்டை மைனஸைவிடச் சற்றுப் பருமனாகச் செய்திருக்கிறார்கள். மைனஸ் கிளாம்ப் ப்ளஸ் தண்டில் இறங்காது. இந்தக் கோட்பாட்டுக்கு எழுந்த ஒரே வலுவான மறுப்பு, சுத்தியல்.

அடுத்தது பூத்துப்போன டெர்மினல். வெள்ளையும் பச்சையுமாகப் படிந்த இந்தப் பொடியைப் பலரும் அழகுக் குறையாகவே பார்க்கிறார்கள். கணக்கைப் பார்ப்போம். முழு சார்ஜில் ஒவ்வொரு செல்லும் ஏறத்தாழ 2.1 வோல்ட், ஆறு செல்லுக்கு 12.6. செல்ஃப் அடிக்கும்போது 150 ஆம்பியர் பாய்கிறது என்று கொண்டால், இணைப்பில் 0.01 ஓம் தடை இருந்தாலே 1.5 வோல்ட் அங்கேயே செத்துவிடும். 225 வாட் சூடாகப் போகும். செல்ஃப் முனகும், உரிமையாளர் பேட்டரியைத் திட்டுவார், புது பேட்டரி வாங்குவார், அதைப் பூத்த கிளாம்பிலேயே மாட்டுவார். வெந்நீரில் கரைத்த ஆப்பச்சோடா நுரைத்து முடிய, உப்புத்தாளால் ஈயம் வெளுக்கும்வரை தேய்த்து, இறுக்கியபின் வாஸ்லின் பூசினால் தீர்கிற விஷயம் இது.

எஞ்சினுக்கும் பாடிக்கும் இடையிலுள்ள எர்த் பட்டையைப் பற்றி ஒரு வார்த்தை. எஞ்சின் ரப்பர் மவுண்டில் உட்கார்ந்திருப்பதால், இந்தப் பட்டை இல்லையேல் செல்ஃபின் கரண்ட் திரும்பிவர வேறு வழி தேடும். சோக் கேபிள் கிடைத்தால் அதன் வழியே வரும். சோக்கை இழுத்தவர் கையைச் சுட்டுக்கொண்டு, கார்புரேட்டரைச் சந்தேகிப்பார்.

புதுப்பித்தபின் ப்ளஸ் முனையில் இருக்க வேண்டியவை இரண்டே: செல்ஃபுக்குப் போகும் கட்டைவிரல் தடிமன் கேபிள், வண்டிக்குப் போகும் பழுப்பு. கூடுதல் விளக்கு எதுவாயினும், பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் வைத்து, ரிலே வழியாக. எல்லா சுவிட்சையும் அணைத்துவிட்டு எர்த் ஒயருக்கு நடுவே ஆம்மீட்டரை மாட்டிப் பார்க்க வேண்டும். கசிவு ஒரு ஆம்பியர் இருந்தால் 60 ஆம்பியர்-ஹவர் பேட்டரி இரண்டரை நாளில் காலி. நம் ஆய்வுப் பொருளில் முள் அசைந்தது. சைரன் ஒயரை வெட்டியதும் சுழியத்தில் நின்றது. நுனியில் டேப் சுற்றியிருந்த அதே ஒயர்தான். நடுவே எங்கோ உறை தேய்ந்து பாடியை உரசிக்கொண்டிருந்திருக்கிறது.

உரிமையாளர் வந்து பானட்டுக்குள் குனிந்து பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"நல்லாருக்குப்பா. கண்ணாடி மாதிரி இருக்கு."

"எல்லாம் ஃபியூஸ் போட்டாச்சுண்ணே. இனிமே கைவைக்க வேணாம்."

"வைக்கல, வைக்கல. மக மெட்ராஸ்ல இருந்து வருது, ஏதோ கேமரா வாங்கியாந்துருக்காம். சின்னதுதான். அப்படியே பேட்டரில இருந்து ஒரு லைன் மட்டும் இழுத்து விட்ருப்பா."

எலக்ட்ரீசியன் டேப்பைத் தேடினார்.